தாழ்ப்பாள் யார் கையில்?

ஒரு சின்னச் சோதனை. இதைப் படித்து முடித்த பிறகு செய்யலாம். இப்போதே எழுந்து போய்ச் செய்தால் இன்னும் நல்லது.

இரண்டு கைகளையும் முஷ்டியாக மூடிக்கொள்ளுங்கள். அப்படியே உங்கள் வீட்டுக் குளியலறைக்குள் போங்கள். முஷ்டியைத் திறக்காமல் கதவைச் சாத்தி, தாழ் போடுங்கள். பிறகு தாழை நீக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். ஏமாற்றக் கூடாது. கட்டை விரலை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேனே என்று பேரம் பேசக் கூடாது.

முடிந்ததா?

எனக்கு முடியவில்லை. மூன்று முறை முயன்று பார்த்தேன். இரண்டு முறை தாழ்ப்பாள் அசையவே இல்லை. மூன்றாம் முறை எப்படியோ விழுந்தது. ஆனால், திரும்பத் திறக்க வரவில்லை. விரலை நீட்டித்தான் வெளியே வந்தேன். எனக்கு அந்த வசதி இருந்தது. நீட்டுவதற்கு விரல் இருந்தது.

இந்தச் சோதனையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பெரியவர். செங்கல்பட்டுக்காரர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டினால், கல்பாக்கம் அணு நகரியத்தை ஒட்டி புதுப்பட்டினம் இருக்கிறது. அங்கே இருக்கும் மகள் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை வந்து போவார். இளம் வயதில் அவருக்குத் தொழுநோய் வந்தது. மருந்து சாப்பிட்டார். முழுசாகக் குணமாகிப் பல வருஷம் ஆயிற்று. நோய் போய்விட்டது. அது மடக்கிவிட்டுப் போன விரல்கள் மட்டும் நிமிரவில்லை.

ஒரு நாள் அவரோடு சேர்ந்து பயணம் போக நேர்ந்தது. வழியில் ஓர் ஊரில் இறங்கினோம். எந்த ஊர் என்பது வேண்டாம். எந்த ஊராக வேண்டுமானாலும் இருக்கலாம். அங்கே பொதுக் கழிப்பறை இருந்தது. அதில் மாற்றுத் திறனாளிகளுக்கென்று தனிக் கதவு. நீல போர்டில் சக்கர நாற்காலிப் படம். ஏறிப் போக சாய்தளம். எல்லாம் இருந்தது. கதவில் ஒரு பூட்டும் இருந்தது.

சாவி யாரிடம்? டீ குடிக்கப் போனவரிடம். அவர் எப்போது வருவார்? டீ குடித்துவிட்டு வருவார்.

வந்தார். திறந்தார். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டையும் துடைப்பங்களும் ஓர் உடைந்த நாற்காலியும் இருந்தன. அவற்றை ஓரமாக ஒதுக்கினோம். பெரியவர் உள்ளே போய் உடனே தலையை வெளியே நீட்டினார். 'தம்பி, நீ கொஞ்சம் கதவைப் புடிச்சிக்கினு நில்லுப்பா' என்றார். தாழ்ப்பாள், கதவின் மேல் பக்கத்தில், குச்சி ஐஸ் தடிமனில் ஒரு இரும்புக் கம்பி. துரு ஏறி இறுகிப் போயிருந்தது. எனக்கே அதை நகர்த்தக் கஷ்டமாக இருந்தது.

வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஐந்து நிமிடம் நான்தான் தாழ்ப்பாள். இரண்டு பேர் வந்து, 'உள்ள யாரு சார்? சீக்கிரம் வரச் சொல்லுங்க' என்றார்கள். ஒருவர் என்னைத் தாண்டிக் கதவைத் தள்ளியே பார்த்தார்.

பெரியவர் வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: 'ஒண்ணுக்குப் போறதுக்குக் கதவாண்ட ஒரு ஆள் காவல். நான் என்னா மந்திரியா தம்பி?'

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'துணைக்கு ஆள் இல்லாம வர்ற அன்னிக்கு என்ன செய்வீங்க ஐயா?' என்று கேட்டேன்.

'காத்தால ஒரு வாய் காபி. அதோட சரி. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தண்ணி கெடையாது.'

கோடை வெயிலில், எழுபது வயதுக்கு மேல், பொதுவெளியில் ஒரு மனிதர் தண்ணீர் குடிப்பதா வேண்டாமா என்பதை ஒரு தாழ்ப்பாள் தீர்மானிக்கிறது. இதைத்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

*

கை படாமல் பூட்டித் திறக்கும் கதவு ஒன்று உண்டு. வெளியே ஒரு சென்சார். அதற்கு முன்னால் கையையோ முழங்கையையோ அசைத்தால் கதவு நகர்ந்து திறக்கும். உள்ளே போனதும் இன்னொரு சென்சாரின் முன்னால் அசைத்தால் கதவு மூடிப் பூட்டிக்கொள்ளும். வெளியே சிவப்பு விளக்கு எரியும். வேலை முடிந்ததும் மறுபடி ஓர் அசைவு. பூட்டு விடும், கதவு திறக்கும். பிடிக்க வேண்டாம், திருக வேண்டாம், இழுக்க வேண்டாம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பி வரும். 'முதல்ல ஒழுங்கா கக்கூஸ் கட்டுங்க சார், அப்புறம் சென்சார் வைக்கலாம்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இதே ஆட்கள் நகைக்கடைக்குப் போகும்போது கண்ணாடிக் கதவு தானாக விலகி வழி விடுகிறது. ஏர்போர்ட்டில் விலகுகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வடிவமைத்த வந்தே பாரத் ரயில் 2019-லிருந்து ஓடுகிறது. அதில் பெட்டிக்குப் பெட்டி கதவு சென்சாரில் திறக்கிறது. அங்கெல்லாம் யாரும் 'முதல்ல ஒழுங்கா ரயில் விடுங்க' என்று சொல்லவில்லை. நம் பர்ஸைப் பார்த்தால் கதவு தானாகத் திறக்கிறது. மூத்திரப்பைக்கு மட்டும் அதெல்லாம் ஆடம்பரமாகிவிடுகிறது.

இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகிறேன். 2020-ல் கொரோனா வந்தது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் செத்துவிடுவோம் என்று நாம் எல்லோரும் பயந்தோம். என்ன நடந்தது? சில வாரங்களில் ஊரெல்லாம் காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்டுகள் முளைத்தன. மளிகைக் கடையிலும் வந்தது, கோயில் வாசலிலும் வந்தது. தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர் இரும்புக் குழாயை வளைத்துச் செய்து கொடுத்தார். டெண்டர் இல்லை, ஆய்வுக் குழு இல்லை, வெளிநாட்டுப் பயணம் இல்லை. கை படாமல் ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்று நமக்குத் தேவை வந்தபோது நம்மால் முடிந்தது. அவர்களுக்குத் தேவை என்றால் மட்டும் 'எத்தனை பேர் சார் வரப்போறாங்க?' என்று கேட்கிறோம்.

எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத் திறனாளிகள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம். இந்தக் கணக்கில் வராதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர்கள். மூட்டுவாதத்தில் விரல் வீங்கியவர்கள். கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளிகள். பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்துவிட்ட தொழிலாளிகள். இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பையுமாக நிற்கும் தாய். இன்னும் இருபது வருஷம் கழித்து, நீங்களும் நானும்.

இவர்கள் ஏன் பொதுக் கழிப்பறைக்கு வருவதில்லை என்று கேட்காமல், வராததையே காரணம் காட்டிக் கதவைப் பூட்டி வைக்கிறோம். பாலம் இல்லாத ஆற்றங்கரையில் உட்கார்ந்து, 'யாருமே அக்கரைக்குப் போறதில்லையே, பாலம் எதுக்கு?' என்று கேட்பது போலத்தான் இது.

*

செங்கல்பட்டு என்று சொன்னேன் அல்லவா? கையையும் பூட்டையும் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லம் தொடங்கப்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. அந்த இல்லத்தில் ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர் வேலை செய்தார். தொழுநோய் மருத்துவத்தில் உலகம் அறிந்த பெயர். 1947-ல் அவரைப் பார்க்க வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து ஓர் இளம் அறுவை சிகிச்சை நிபுணர் வந்தார். பெயர் பால் பிராண்ட்.

அங்கே மடங்கிய விரல்களோடு இருந்த நோயாளிகளை பிராண்ட் பார்த்தார். அந்தக் கைகள் செத்த கைகள், அவற்றால் பயனில்லை என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. அவர் ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வலி தாங்காமல் போயிற்று. அந்தக் கையில் பலம் இருந்தது. பழுதானது எல்லாத் தசைகளும் அல்ல, சில நரம்புகளும் அவற்றை நம்பியிருந்த சில தசைகளும்தான். அந்த ஒரு கைகுலுக்கலில் இருந்துதான் வேலூரில் தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை பிறந்தது. பிறகு அது உலகமெங்கும் போயிற்று.

பிராண்ட் எழுதியிருக்கும் இன்னொரு சம்பவம் உண்டு. ஒரு சின்னக் கிடங்கு அறை. துருப்பிடித்த பூட்டு. அவரால் சாவியைத் திருக முடியவில்லை. தொழுநோய் இருந்த ஒரு சிறுவன் வந்து, நான் திறக்கிறேன் என்று வாங்கித் திருகினான். பூட்டு திறந்துவிட்டது. பெரியவரால் முடியாதது பொடியனால் எப்படி முடிந்தது? கீழே ரத்தத் துளி. பையனின் விரலைப் பார்த்தால், சாவி எலும்பு வரை அறுத்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. நமக்கு வலி வந்து 'போதும், நிறுத்து' என்று சொல்லும். அவனுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

இந்த இரண்டு சம்பவத்தையும் சேர்த்துப் படியுங்கள். தாழ்ப்பாள் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. முதல் சம்பவம் சொல்வது: அவர்களுக்குப் பலம் இல்லாமல் இல்லை. கிள்ளிப் பிடிக்கத்தான் வராது. முஷ்டியால் தள்ள வரும், முழங்கையால் அழுத்த வரும். இரண்டாவது சம்பவம் சொல்வது: இறுகிப்போன பூட்டு அவர்களுக்கு வெறும் அசௌகரியம் அல்ல, காயம். உணர்வில்லாத விரலில் காயம் பட்டால் கவனிக்காமல் புண்ணாகும். புண் புரையோடினால் விரலே போகலாம். சர்க்கரை நோயில் விரல் மரத்துப்போனவர்களுக்கும் இதே ஆபத்துதான்.

அதனால்தான் கை படாத பூட்டு விளையாட்டுச் சாமான் அல்ல என்கிறேன். 2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால், கழிப்பறை கட்டும் கான்ட்ராக்டருக்கு மாற்றுத் திறனாளி என்றால் சக்கர நாற்காலி மட்டும்தான். சக்கரம் ஏறச் சாய்தளம் போட்டாயிற்று, கைப்பிடிக் கம்பி வைத்தாயிற்று, பில் பாஸ். சக்கரத்தை உருட்டி உள்ளே வந்தவரின் கை என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர் சக்கர நாற்காலியில்தான் வருவார். அவர் விரலும் மடங்காது. சாய்தளம் அவரை உள்ளே கொண்டு போய் விடும். தாழ்ப்பாள் அவரைத் திறந்த கதவோடு உட்கார வைக்கும்.

இதுவே பெண்ணாக இருந்தால்? நான் விவரிக்கத் தேவையில்லை. என்னைப் போல ஒருவன் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டால் அவருக்கு நிம்மதி வருமா, பயம் வருமா?

*

சரி, சென்சார் வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. இங்கே நான் சென்சார் விற்பவர்கள் மீதும் கொஞ்சம் பாயத்தான் வேண்டும்.

சென்னை 2014-லிருந்து 'இ-டாய்லெட்'களைப் பார்த்தது. எஃகுக் கூண்டு. நாணயம் போட்டால் கதவு திறக்கும், தானாகத் தண்ணீர் பாயும், தரை தானாகக் கழுவப்படும் என்றார்கள். சில வருஷங்களிலேயே பல இடங்களில் நாணயம் போட்டாலும் திறக்காத கூண்டுகளாக அவை நின்றன. யந்திரம் கெட்டது என்பதல்ல என் புகார். யந்திரம் என்றால் கெடத்தான் செய்யும். கெட்டால் என்ன செய்வது என்று யோசிக்காமல் வாங்கியதுதான் தப்பு.

கதவுப் பூட்டில் இந்தத் தப்பு ரொம்பக் கொடூரமாக இருக்கும். கரன்ட் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். காந்தப் பூட்டு என்றால், மின்சாரம் இருக்கும் வரைதான் கதவைப் பிடித்திருக்கும். கரன்ட் போனால் பிடி விட்டுவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மானம் போகும். வேறு வகைப் பூட்டுகள் கரன்ட் போனாலும் பூட்டியபடியே நிற்கும். அப்போது உள்ளே இருப்பவர் கைதி. கத்தினால் வெளியே பஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மானமா, உயிரா என்று அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கதவை நவீனக் கதவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னும் இருக்கிறது. கண் தெரியாதவருக்குச் சென்சார் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? தடவிப் பார்க்கலாம் என்றால், தடவும்போதே கதவு திறந்துகொள்ளும். பூட்டிவிட்டதா இல்லையா என்பதை விளக்கு சொல்கிறது. விளக்கைப் பார்க்க முடியாதவருக்கு யார் சொல்வார்கள்? கை நடுங்குபவரின் ஒவ்வொரு நடுக்கத்தையும் 'திற' என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டால்? ஊன்றுகோல் சரிந்து சென்சார் முன்னால் விழுந்தால்? சில தானியங்கிக் கழிப்பறைகளில் குறித்த நேரம் முடிந்ததும் கதவு தானே திறந்துகொள்ளும். சக்கர நாற்காலியிலிருந்து பீங்கானுக்கு மாறி உட்காரவே சிலருக்குப் பத்து நிமிடம் ஆகும் என்பது அந்தக் கடிகாரத்துக்குத் தெரியுமா?

கடலோரம் என்பதால் உப்புக் காற்று வேறு. 2022 நவம்பரில் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி அலை வரை போவதற்கு மரப்பாதை திறந்தார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டினோம். டிசம்பரிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். கடற்கரையில் எதைக் கட்டினாலும், கட்டுவதோடு வேலை முடிவதில்லை. பராமரிப்புக்குப் பணமும் ஆளும் எழுதி வைக்காமல் மாமல்லபுரம் பக்கம் ஒரு சென்சார் கதவை மாட்டினால், ஒரு மழைக்காலம் தாண்டுமா?

ஆகவே நான் கேட்பது சென்சாரை மட்டும் அல்ல. கதவுக்கு மூன்று குணம் வேண்டும். உள்ளே இருப்பவர் விரல் இல்லாமல் பூட்ட முடிய வேண்டும். எந்த நிலையிலும், கரன்ட் இருந்தாலும் போனாலும், விரல் இல்லாமல் திறக்க முடிய வேண்டும். அவர் மயங்கி விழுந்தால் வெளியே இருக்கும் பொறுப்பாளர் திறக்க முடிய வேண்டும். இந்த மூன்றையும் செய்கிற சென்சாருக்கு நான் மாலை போடத் தயார். செய்யாத சென்சாரைவிட, முஷ்டியால் தட்டினால் விழுகிற ஒரு நீள லிவர் எவ்வளவோ மேல். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கை அசைக்க முடிந்தவர் அசைக்கட்டும். தட்ட முடிந்தவர் தட்டட்டும்.

லிவர் ஒன்றும் கிரகாந்தரத் தொழில்நுட்பம் அல்ல. ஒரே கையால் இயக்க முடிய வேண்டும், இறுக்கிப் பிடிக்கவோ கிள்ளவோ மணிக்கட்டைத் திருகவோ தேவைப்படக் கூடாது என்று அமெரிக்கக் கட்டட விதிகளே சொல்கின்றன. ஒரு இரும்புப் பட்டை, ஒரு போல்ட். அந்தக் கொரோனா வெல்டிங் பட்டறைக்காரர் இன்னும் அதே தெருமுனையில்தான் இருக்கிறார்.

*

இப்போது வெளிப்பூட்டுக்கு வருவோம். உண்மையான வில்லன் அதுதான்.

'தெறந்து வெச்சா நாசம் பண்ணிடுவாங்க சார்.' இதுதான் எல்லா ஊரிலும் சொல்லப்படும் காரணம். பிரிட்டனிலும் இதே பயம் இருந்தது. 1981-ல் அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான கழிப்பறைகளுக்கெல்லாம் ஒரே மாதிரிப் பூட்டு. அதன் சாவி மாற்றுத் திறனாளிகள் கையில். பிடிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் பெரிய பிடி வைத்த சாவி. இன்று அந்த ஒரே சாவி அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான கழிப்பறைகளைத் திறக்கிறது. ஜெர்மனியில் 1986-ல் அதே மாதிரி ஒரு சாவி வந்தது. அதுவே முழுத் தீர்வு என்று நான் சொல்லவில்லை. வித்தியாசத்தைப் பாருங்கள் என்கிறேன். அங்கேயும் பூட்டு இருக்கிறது. சாவி, தேவைப்படுகிறவரின் சட்டைப் பையில் இருக்கிறது. இங்கே சாவி டீக்கடையில் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். ஏராளமாக இருக்கிறது. 2016 சட்டம், விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் எல்லாப் பொதுக் கட்டடங்களும் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனில் கெடு முடிந்தது. ராஜீவ் ரதூரி என்ற பார்வை மாற்றுத் திறனாளி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகச் சொன்னது. இந்த விதிகள் 'செய்தால் நல்லது' என்கிற ஆலோசனையாக இருக்க முடியாது, கட்டாயமாகச் செய்ய வேண்டியவற்றை மூன்று மாதத்தில் வரையறுங்கள் என்று உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், நீதிமன்ற வளாகங்களில் கழிப்பறை வசதி என்பது சலுகை அல்ல, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆண், பெண், மாற்றுத் திறனாளிகள், திருநங்கையர் எல்லோருக்கும் தனித்தனியே கட்டச் சொன்னது.

உச்ச நீதிமன்றம் வரை வந்துவிட்டது. தாழ்ப்பாள் வரை வரவில்லை.

வசதி இல்லாத ஏழைப் பிரதேசமா இது? 2021-22-ல் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண நினைவிடங்களில் தாஜ்மகாலைவிட அதிக வெளிநாட்டுப் பயணிகள் வந்த இடம் மாமல்லபுரம். 2019 அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் இங்கேதான் சந்தித்தார்கள். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் இங்கேதான் நடந்தது. தலைவர்கள் வருகிறார்கள் என்றால் சில வாரங்களில் சாலையும் விளக்கும் சுவரும் பளபளக்கும் என்பதை இந்தக் கடற்கரை ஜனங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

புதுப்பட்டினத்துக்குப் பக்கத்துச் சுவரில் என்ன இருக்கிறது? கல்பாக்கம். வேக ஈனுலை ஆராய்ச்சி நடக்கும் இடம். 500 மெகாவாட் ஈனுலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கிய இடம். அங்கே கதிரியக்கமுள்ள எரிபொருளை யாரும் கையால் தொடுவதில்லை. தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விஞ்ஞானி நிற்கிறார். அந்தப் பக்கம் யந்திரக் கை எடுக்கிறது, திருப்புகிறது, வெட்டுகிறது. தொடாமல் வேலை செய்யும் வித்தையில் உலகத்தோடு போட்டி போடும் மனிதர்கள் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். ஒண்ணுக்குப் போகக் கதவைத் தாழ் போட முடியாமல் தண்ணீர் குடிக்காத பெரியவர் சுவருக்கு இந்தப் பக்கம். விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. நம்மிடம் அறிவு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள் என்கிறேன்.

*

ஒரே ஒரு கோரிக்கை. பைசா செலவில்லாதது.

இனி எந்த ஊரிலும் மாற்றுத் திறனாளிகளுக்கான கழிப்பறையைத் திறந்து வைக்கிறபோது ரிப்பனும் கத்தரிக்கோலும் வேண்டாம். திறந்து வைக்க வரும் அமைச்சரோ, கலெக்டரோ, தலைவரோ இரண்டு கையையும் முஷ்டியாக மூடிக்கொள்ளட்டும். உள்ளே போய்க் கதவைப் பூட்டட்டும். பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள். அவர் முஷ்டியைத் திறக்காமல் வெளியே வரட்டும். வந்துவிட்டால் கைதட்டுவோம், கல்வெட்டில் பேர் போடுவோம். வர முடியாவிட்டால் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். பில்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் நீங்கள் செய்ய ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பஸ் ஸ்டாண்டிலோ ஆஸ்பத்திரியிலோ ரிஜிஸ்தர் ஆபீஸிலோ அந்த நீல போர்டைப் பார்த்தால், சும்மா தாண்டிப் போகாதீர்கள். கதவு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். திறந்திருந்தால் உள்ளே போய்த் தாழ்ப்பாளை முஷ்டியால் தள்ளிப் பாருங்கள். விழவில்லை என்றால் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும். நூறு பேர் எழுதினால் மேஜைக்கு வரும்.

பெரியவருக்கு நோய் வந்த காலத்தில் ஊர் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை 'தொடாதே'. கிணற்றைத் தொடாதே, டம்ளரைத் தொடாதே, கதவைத் தொடாதே. அந்த வார்த்தையைக் கேட்டே வாழ்நாள் முழுக்கக் கழித்தவர் அவர். இப்போது முதல் தடவையாக 'தொட வேண்டாம் ஐயா, கையை அசைச்சா போதும், கதவு உங்க பேச்சைக் கேக்கும்' என்று மரியாதையாகச் சொல்ல நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

போன வாரம் போனில் பேசினார். மறுபடி மகள் வீட்டுக்கு வருகிறாராம். வெயில் கடுமையாக இருக்கிறது, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் ஐயா என்றேன்.

'தாப்பா சரி பண்ணிட்டாங்களா தம்பி?' என்று கேட்டார்.